மஞ்சள் சோக்கட்டி பட்ட இடம்

மாத்தளையில் தம்புள்ளை வீதியில் இருக்கும் எங்கள் டயர் கடைக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது. காரின் சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவுக்குள் அதை நீட்டினால் போதும். எந்த அளவு ரிம் போடலாம், டயர் எவ்வளவு வெளியே வரலாம், எங்கே உரசும் என்று எல்லாவற்றையும் திரையில் காட்டிவிடுகிறதாம். முப்பத்தொரு வருஷம் நான் முழங்காலில் நின்று, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்த வேலை அது. வேலையை விட்டு வீட்டில் இருக்கிற நான் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு மெஷினைப் பார்த்துப் பொறாமைப்படுகிற ஆள் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கடையை இப்போது நடத்துவது எங்கள் பழைய முதலாளி ஹாஜியாரின் மகள் நஸ்ரியா. மெஷினைக் காட்டிவிட்டு அவர் என்னிடம் ஒரு வேலை வைத்தார், இருக்கும் என்பதை ஈக்கும் என்கிற எங்கள் ஊர் முஸ்லிம் பேச்சில்.

"செல்வா அங்கிள், மெஷின் காட்டுறத அது காட்டும். அது காட்டாத விசயம் ஏதாச்சும் ஈக்கும் தானே? அத எழுதித் தாங்க. புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு வாசிக்கக் குடுப்பம்."

எழுதினேன். முதலில் எழுதிய கட்டுரை வேறு. அதில் நான் நல்லவன், என்னோடு கடையில் வேலை செய்த பளீல் கெட்டவன். ஒரு சின்ன விபரத்தைச் சரிபார்க்க யட்டவத்தைக்குப் போய்வந்தேன். வந்த அன்றே அதைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது.

நான் பிறந்தது றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். தோட்டத்து டிராக்டருக்கு டயர் கழற்றி மாட்டத் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு தொழிலோடு பத்தொன்பது வயதில் டவுனுக்கு இறங்கினேன். ஹாஜியாரின் கடையில் முதல் ஆறு வருஷமும் தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றப் போகிற லொறிகளுக்கு டியூப் ஒட்டுவதுதான் வேலை. பிறகுதான் சின்னக் கார்கள் வரத் தொடங்கின. ஆட்கள் கடனோ உடனோ பட்டு எண்ணூறு சீசீ, ஆயிரம் சீசீ என்று ஒரு காரை வாங்குவார்கள். வாங்கிய மறுமாதமே அது பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் போலவே இருப்பது பொறுக்காது. அலோய் ரிம் போட வேண்டும், உள்ளே சீட்டுக்குப் புது உடுப்புப் போட வேண்டும். பொறாமையால்தான் எங்கள் கடையே ஓடியது என்று சொன்னாலும் தப்பில்லை.

ரிம் மாட்டுவது பார்க்க லேசான வேலை. நாலு நட்டு. கழற்று, மாட்டு, முடுக்கு. ஆனால் கடையில் தொங்குகிற ரிம் எல்லாம் எல்லாக் காருக்கும் சேராது. நட்டுத் துளைகளின் வட்டம் சரியாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் என்றாலும் இழுத்துப் பிடித்து மாட்டலாம், மாட்டியவன் முட்டாள். நடுத்துளை பெரிதாக இருந்தால் இடையில் ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் எண்பதில் போகும்போது ஸ்டியரிங் நடுங்கும். நட்டின் அடி கூம்பா தட்டையா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட ஒஃப்செட். ரிம் எவ்வளவு உள்ளே அமர்கிறது, எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு அது. பழைய ரிம்மில் நாற்பத்தைந்து என்றிருந்து புதியதில் முப்பத்தெட்டு என்றிருந்தால், டயர் ஏழு மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். ஆள் ஏறினால் கார் தணியும், வளைவு டயரைத் தொடும்.

இதற்கு எங்கள் கடையில் ஒரு முறை இருந்தது. கரும்பலகையில் எழுதுகிற மஞ்சள் சோக்கட்டியை டயரின் தோளில் சுற்றிவரப் பூசுவோம். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றுவோம். கடைக்கு முன்னால் கழிவுநீர் ஓடும் காணின் மூடிக்கல் மேல் இரண்டு தரம் ஏற்றி இறக்குவோம். பிறகு டோர்ச்சை வளைவுக்குள் அடித்துப் பார்ப்போம். உள்ளே எங்காவது மஞ்சள் ஒட்டியிருந்தால் அங்கே டயர் தொடுகிறது. சிம்பிள். முறையைக் கொண்டுவந்தவர் ஹாஜியார். சோக்கட்டியை நான் என் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். என் மனைவி துணி துவைக்கும்போதெல்லாம் அதற்காகத் திட்டுவாள்.

ஹாஜியார் மெலிந்த மனிதர். வெள்ளைச் சாரன், தொப்பி, கையில் எப்போதும் ஒரு மடித்த கைக்குட்டை. கடையில் வேலை செய்கிற எல்லோரையும், டியூப் ஒட்டுகிறவனையும், "நீங்க" என்றுதான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வேலை முடிந்த கார் வெளியே போகுமுன் பின்சீட்டில் ஏறி உட்காருவார். ஒரு சுற்றுப் போய்வரச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார். திரும்பி வந்து இறங்கி, "இடது பக்கம் பின்னுக்கு என்னமோ பேசுது, செல்வா" என்பார். எதுவும் பேசவில்லை என்று நான் நினைப்பேன். கழற்றிப் பார்த்தால் பேசித்தான் இருக்கும். வாடிக்கையாளர் முன்னால் யாரையும் குறை சொல்லமாட்டார். தப்பு நடந்தால் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொள்வார். அதைப் பார்த்தாலே நாங்கள் அந்தக் காரை மறுபடி ஜாக்கில் ஏற்றுவோம்.

இனிப் பளீல்.

பளீல் காரின் அலங்கார வேலைக்கு வந்தவன். சீட் உடுப்பு, டேஷ்போட்டுக்குக் கறுப்புப் பளபளப்பு, கதவோரத்துக்கு வெள்ளிக் கோடு, ஸ்டியரிங்குக்குச் சிவப்பு நூல் தையல், சக்கர வளைவுக்குக் கறுப்புப் பட்டி. எனக்கு நாலு வயது இளையவன். கடைக்கு வரும்போது இஸ்திரி போட்ட சட்டை, போகும்போதும் அதே இஸ்திரி. எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் பன்னிரண்டு மணிக்கே காணுக்குள் விழுந்து எழும்பினவன் மாதிரி இருப்பேன்.

எங்கள் இருவரின் வேலைக்கும் ஒரு வித்தியாசம். அவன் வேலை நன்றாக இருந்தால் எல்லோர் கண்ணிலும் படும். என் வேலை நன்றாக இருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கார் நடுங்கவில்லை, உரசவில்லை, நட்டுக் கழலவில்லை என்று எவன் வந்து கைகொடுப்பான்? கார்க்காரர்கள் கதவைத் திறந்ததும் சீட்டைத் தடவுவார்கள், "அம்மோ, லஸ்ஸனய்!" என்று சிங்களத்தில் அழகை மெச்சுவார்கள், பளீலோடு நின்று போட்டோ எடுப்பார்கள். போட்டோவை எடுத்துக் கொடுக்கிறவன் நான். ஒருமுறை அந்தப் போட்டோக்களில் ஒன்றில் என் முழங்கையும் விழுந்திருந்தது. அதை வெட்டிவிட்டுத்தான் சுவரில் மாட்டினார்கள்.

என் வீட்டிலும் நிம்மதியில்லை. எங்கள் பழைய முச்சக்கர வண்டிக்கு அவன் ஒரு சீட் உடுப்புத் தைத்துக் கொடுத்தான், பெருநாள் பரிசு என்று. என் மனைவி அதில் ஏறும்போதெல்லாம், "பளீல் அண்ணன் கையில ஒரு அழகு இருக்குங்க" என்பாள். அந்த வண்டியின் மூன்று சக்கரமும் நான் மாட்டியது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருப்பாளா? இருபது வருஷமாக ஓடுகிறது. இல்லை.

இதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது பாஸ் வேலை வந்தபோது. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் தலைமை வேலைக்காரரைப் பாஸ் என்போம். அதுவரை ஹாஜியாரே குனிந்து எல்லாவற்றையும் பார்ப்பார். அவருக்கு முழங்கால் போய்விட்டது. கீழே இருந்து பார்க்க ஒருவரைப் பாஸாக வைக்கப்போகிறேன் என்றார். நான்தான் பழையவன். ஆனால் அந்த மாதங்களில் ஹாஜியார் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பளீல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை நான் ரிம்முக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பேன். இருவரும் ஒரே பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள். ஹாஜியார் அப்படிப் பார்க்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜும்ஆ முடிந்து அவர்கள் நடந்து வருவதைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த நேரத்தில்தான் ஸ்டெல்லா டீச்சர் வந்தார்.

யட்டவத்தையில் படிப்பிக்கிறவர். சின்னக் கார், வெள்ளை. தங்கச்சிக்கு வஹகோட்டைக் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணம், வருகிற சனிக்கிழமை.

"கல்யாணக் காரு வாடகைக்கு எடுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு வேணாம். நான் பத்து வருஷம் சீட்டுப் போட்டு வாங்கின காரு. எந் தங்கச்சி இதுலதான் கோயிலுக்குப் போகணும். நாந்தான் ஓட்டணும். பாத்தா யாரும் வாடகைக் காரத் தேடக்கூடாது, அப்பிடிச் செஞ்சு தாங்க" என்றார்.

சுவரில் தொங்கிய ஒரு ரிம்மைக் காட்டினார். கறுப்பும் வெள்ளியும் கலந்த பதினாலு அங்குல ஜப்பான் ரிம், பாவித்தது. ஒஃப்செட் முப்பத்தெட்டு. காருக்கு நாற்பத்தைந்து. போடலாமா வேண்டாமா என்று நான் யோசிக்கவே பளீல், "அழகா ஈக்கும் மிஸ்" என்று சொல்லிவிட்டான். நான் முடியாது என்று சொன்னால், பளீல் முடியும் என்றதை நான் முடியாது என்றதாகிவிடும். அளந்து பார்த்தேன். மூன்று பேர் ஏறினாலும் வளைவின் ஓரத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு விரல் இடம் மிஞ்சியது. போடலாம் என்றேன். அது பொய்யில்லை. அந்த அளவில் கார் பத்திரமாகத்தான் இருந்தது.

புதன்கிழமை ரிம்களை மாட்டினேன். வளையம் போட்டு, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, காரைத் தரையில் இறக்கி, டோர்க் ரென்ச்சால் கிளிக் என்று கேட்கும்வரை இழுத்தேன். இந்த இடத்தில் ஒன்றை எழுதிவைக்கிறேன், புதியவர்களுக்கு உதவும்: நூறு கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும். டீச்சரைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்.

வியாழக்கிழமை பளீல் வேலை. சீட்டுக்குச் சந்தன நிற உடுப்பு, டேஷ்போட்டில் மெல்லிய வெள்ளிக் கோடு. டயர் கொஞ்சம் வெளியே தெரிந்ததால் அதை மறைக்க நாலு வளைவிலும் கறுப்புப் பட்டி. பட்டியைப் பிடிக்கக் குட்டைத் திருகாணி, ஒரு வளைவுக்கு ஆறு. உண்மையைச் சொல்கிறேன், கார் கல்யாணப் பெண்ணை விட அழகாக இருந்தது. நான் வேலை செய்த ரிம்மும் அதில் இருந்தது. ஆனால் அன்றும் எல்லோரும் சீட்டைத்தான் தடவினார்கள்.

அலங்காரம் முடிந்தபின் சக்கரக்காரன் ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது கடையின் விதி. சோக்கட்டி பூசினேன். மூன்று பேரை ஏற்றினேன். மூடிக்கல்லில் ஏற்றி இறக்கினேன். டோர்ச் அடித்தேன்.

இடது பின்வளைவின் உள்ளே ஒரு திருகாணியின் கூர்முனை மஞ்சளாக இருந்தது. மற்ற ஐந்தும் குட்டை. இது ஒன்று நீளம். குட்டை தீர்ந்துபோய் நீளத்தில் ஒன்றைப் போட்டிருக்கிறான். ஆள் ஏறிக் கார் ஒரு குழியில் விழுந்தால் டயரின் தோள் அந்த முனையைத் தொடும்.

நான் செய்ய வேண்டியது இரண்டு நிமிஷ வேலை. "பளீல், இங்க வா" என்று கூப்பிட்டு, அதைக் கழற்றி, குட்டை ஒன்றைப் போடச் சொல்வது. அதைச் செய்யவில்லை. டோர்ச்சை அணைத்துவிட்டு யோசித்தேன். நான் யோசித்ததை அப்படியே எழுதுகிறேன்: இரண்டு மூன்று நாளில் உரசும் சத்தம் கேட்கும். டீச்சர் திங்கட்கிழமை வந்து சொல்வார். ஹாஜியார் பார்ப்பார். பளீலின் திருகாணி. ஹாஜியார் தொப்பியைக் கழற்றுவார். பாஸ் வேலை யாருக்கு என்பது அத்தோடு முடிந்தது.

டயர் வெடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் கேட்கும் என்றுதான் நினைத்தேன். பல வருஷம் என் தலையணைக்கு நான் சொன்ன சமாதானம் இது. டயர்க்காரனுக்கு டயர் வெடிக்கும் என்று தெரியாதாம்!

பழந்துணியால் அந்த முனையிலிருந்த மஞ்சளைத் துடைத்தேன்.

ஹாஜியார் வந்து பின்சீட்டில் ஏறினார். ஒரு சுற்றுப் போய்வந்தோம். அவர் ஒருவர், அதுவும் பாரமில்லாத மனிதர். சக்கரப் பக்கம் எதுவும் பேசவில்லை. இறங்கியதும் கேட்டார்.

"செல்வா, ஆள் ஏத்திப் பாத்தீங்களா?"

"பாத்தேங்க ஹாஜியார்."

"பளீல், உங்கட பக்கம்?"

"எல்லாம் சரி ஹாஜியார்."

டீச்சர் ஒரு சிறு போத்தலில் கோயில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். நாலு சக்கரத்திலும் தெளித்தார். சக்கரத்துக்கு ஒன்றாக நாலு தேசிக்காயும் வைத்தார். ஏற்றி நசுக்கிக்கொண்டு கார் போனது. ஹாஜியார் சிரித்தபடி கையை உயர்த்திக் காட்டினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசி வந்தது. யட்டவத்தையிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில், இறக்கத்தில் ஒரு வளைவில், இடது பின் டயர் வெடித்திருக்கிறது. கார் வீதியை விட்டு ஒரு மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கி, மிளகுக்கொடி ஏறிய மரமொன்றில் மோதி நின்றிருக்கிறது. டீச்சருக்கு ஒன்றுமில்லை. பின்சீட்டில் கல்யாணப் பெண், அவளுடைய அம்மா, மாமி. பெண்ணுக்கும் மாமிக்கும் சிராய்ப்பு. அம்மாவுக்கு வலது தோள் உடைந்துவிட்டது.

அம்மாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என் கல்யாணத்தை நிறுத்தாதே என்று பெண் அழுதாளாம் என்றும், நிறுத்தாதே என்று அம்மாதான் சொன்னார் என்றும் இரண்டு விதமாகக் கேள்விப்பட்டேன். பின்னேரம் நாலு மணிக்குத் தாலி கட்டினார்கள். அம்மா அந்த நேரத்தில் எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே படுத்திருந்தார்.

காரை லொறியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஹாஜியார் வேறு யாரையும் தொடவிடவில்லை. முழங்கால் வலியோடு அவரே கீழே குனிந்து, இடது பின்வளைவுக்குள் டோர்ச்சை அடித்தார். திருகாணியின் முனை டயரில் உரசி உரசி வெள்ளியாக மின்னியது. அவர் அதோடு நிற்கவில்லை. அதன் பக்கத்தில், பட்டியின் மடிப்புக்குள் விரலை விட்டுத் தடவினார். விரலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்தார். கைக்குட்டையில் துடைத்தார். கிறீஸ் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

எழுந்து எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இத முந்தியே பாத்தவங்க யாராச்சும் ஈக்காங்களா?"

நான் பளீலைப் பார்த்தேன். பளீல் தரையைப் பார்த்தான். திருகாணி போட்டவன் அவன்தானே, அவன்தான் பேச வேண்டும் என்று நின்றேன். ஹாஜியார் தொப்பியைக் கழற்றவில்லை. பிறகு குறட்டை எடுத்து அந்தத் திருகாணியைப் பிடுங்கி, சாரன் மடிப்பில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்துப் பளீல் வேலையை விட்டு நின்றான். போகும்போது என் கையைப் பிடித்து, "வாறன் செல்வா" என்றான். கண் சிவந்திருந்தது. அவமானம் என்று நினைத்தேன். உள்ளே எனக்கு இனித்தது. இனித்தது என்றே எழுதுகிறேன், வேறு வார்த்தை தேடினால் அது பொய்.

மறுநாள் ஹாஜியார் டோர்க் ரென்ச்சை என் கையில் தந்து, இனி நீங்கள்தான் பாஸ் என்றார்.

அன்று மாலையிலிருந்து ஒரு வழக்கம் தொடங்கியது. கடையின் இரும்புக் கதவை இழுத்து விடுமுன் ஹாஜியார் என்னிடம் வந்து கேட்பார்:

"வேற ஏதும் செல்ல ஈக்கா, செல்வா?"

சொல்வதைச் செல்வது என்பார்கள் எங்கள் ஊர் முஸ்லிம்கள். "ஒண்ணுமில்லங்க ஹாஜியார்" என்பேன். தலையாட்டிவிட்டுக் கதவை இழுப்பார். அவர் சாகும்வரை, பதினொரு வருஷம், கடை திறந்த ஒவ்வொரு நாளும் இப்படித்தான். வேறு யாரிடமும் இப்படிக் கேட்கமாட்டார். பளீல் கடையில் இருந்த காலத்தில் அவனிடம்கூட ஒருநாளும் கேட்டதில்லை. பாஸுக்குக் கொடுக்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவியிடம் பெருமையாகச் சொல்வேன், "என்கிட்டக் கேக்காம மனுஷன் கடையச் சாத்தமாட்டார்" என்று.

பாஸானபின் பொறாமை போயிருக்கும் என்று நினைப்பீர்கள். பளீல் தம்புள்ளையில், மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு கடை போட்டான். லொறிகளின் முன்அறைக்குத் திரையும் சீட்டும் தைத்தான். இப்போது அது மூன்று மாடி. அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் நான் மறுபக்க ஜன்னலில் உட்காருவேன். ஹாஜியாரின் ஜனாஸாவுக்கு அவன் வந்திருந்தான், அதே இஸ்திரி. அவன் அழுததையும் நான் அழுததையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவும்தான் நஸ்ரியா எழுதச் சொன்னபோது எனக்கு நினைவில் இருந்தது. சோக்கட்டியைத் துடைத்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எழுதினேன். நீளத் திருகாணியால் வந்த வினை என்று தலைப்பு. வாசிக்கிறவர்கள் இது எந்தக் கார், எந்த வேலைக்காரன் என்று கேட்டால் பளீல் என்று தெரிய வேண்டும் என்பதற்காக விபரங்களைச் சரியாக வைக்க நினைத்தேன். அதற்காகத்தான் யட்டவத்தைக்குப் போனேன்.

டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அதே வெள்ளைக் கார். அதே ரிம்கள். பதினாலு வருஷத்துக்குப் பிறகும் நேராக நின்றன.

தேத்தண்ணி தந்தார். அம்மா போய் நாலு வருஷம் என்றார். "கடைசி வரைக்கும் அந்தக் கைய தலைக்கு மேல தூக்க வரலங்க. நாந்தான் தலை சீவி விடுவேன். ஸ்கூலுக்குப் போறதுக்கு முந்தி, தினமும்."

நான் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். "அந்தத் திருகாணி போட்டவர் பளீல்னு ஒருத்தர் டீச்சர். உங்களுக்கு ஞாபகம் இருக்குமோ தெரியல..."

"ஏன் இல்லாம? அவரு வந்தாரே."

"எங்க வந்தாரு?"

"இங்கதான். கல்யாணம் முடிஞ்சு நாலாம் நாளு. உங்க ஹாஜியாரும் கூட வந்தாரு. அந்தக் கதிரையில உக்காந்து அழுதாரு மனுஷன். நீட்டு ஆணிய நாந்தான் போட்டேன், போடறப்பவே டயர் கிட்ட வர்றதப் பாத்தேன், ரிம் வெளிய தள்ளினதாலதான் ஒரசுதுன்னு ரிம் போட்டவர் தலையில விழும்னு நெனச்சுப் பேசாம இருந்துட்டேன் அப்பிடின்னாரு. அம்மா ஆஸ்பத்திரியில இருந்து வந்தப்புறம் மறுபடி வந்து அவங்ககிட்டயும் சொன்னாரு. வருஷா வருஷம் பெருநாளைக்குச் சாப்பாடு அனுப்புவாரு. இப்பவும் அனுப்புறாரு."

என் கையில் கோப்பை இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை. அவனும் பார்த்திருக்கிறான். நான் அவன் தலையில் விழட்டும் என்று நின்ற அதே வியாழக்கிழமை, அதே சக்கரத்துக்கு முன்னால், அவன் என் தலையில் விழட்டும் என்று நின்றிருக்கிறான். பாஸ் வேலைக்கு என்னைப் பார்த்து அவனுக்கும் எரிந்திருக்கிறது. என்னைப் பார்த்து! அந்த இஸ்திரிச் சட்டைக்காரனுக்கு!

"ஹாஜியார் ஒண்ணும் சொல்லலையா டீச்சர்?"

"போறப்ப சொன்னாரு. இத இன்னொருத்தரும் பாத்திருக்காரு, மடிப்புல மஞ்சள் இருந்திச்சு, அவரும் வருவாரு, வந்தா கோவிக்காதீங்கன்னு. யாருன்னு கேட்டேன். பேரு சொல்லல." டீச்சர் என்னை நேராகப் பார்த்தார். "அம்மா கொஞ்ச நாள் கேட்டுக்கிட்டிருந்தாங்க, அவரு வந்தாரான்னு. அப்புறம் விட்டுட்டாங்க."

கைக்குட்டையில் அவர் துடைத்தது கிறீஸ் இல்லை.

"நாந்தாங்க டீச்சர்" என்றேன்.

"தெரியுது" என்றார். கோவிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோப்பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நீண்ட நேரம் வரவில்லை. நான் கொட்டகைக்குப் போய்ப் பழக்கத்தில் முழங்காலில் நின்று, இடது பின்வளைவுக்குள் விரலை விட்டேன். திருகாணி இருந்த துளை மட்டும் இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பொறாமைதான் வந்தது. அவன் சொல்லிவிட்டான். நாலாம் நாளே சொல்லிவிட்டு, அந்த அம்மாவிடமும் சொல்லிவிட்டு, தம்புள்ளைக்குப் போய்ப் பதினாலு வருஷம் படுத்தவுடன் தூங்கியிருக்கிறான். சீட்டிலும் அவன்தான் முதல், இதிலும் அவன்தான். அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு இனி வழியில்லை, அந்த இடத்தையும் அவன் எடுத்துக்கொண்டான் என்று பல்லைக் கடித்தேன். வெட்கம், பஸ் வழியிலிருந்த பாலத்தடியைத் தாண்டியபின்தான் வந்தது.

ஹாஜியாரின் பதினொரு வருஷக் கேள்வியை அப்போதுதான் விளங்கிக்கொண்டேன். மரியாதைக்கு அவர் கேட்கவில்லை. என்னைப் பிடிக்கவும் கேட்கவில்லை, பிடிப்பதென்றால் அன்றே பிடித்திருப்பார். ஒவ்வொரு நாளும் கதவை இழுக்குமுன் எனக்கு ஒரு இடம் விட்டுக் காத்திருந்திருக்கிறார். நான் ஒவ்வொரு நாளும் ஒண்ணுமில்லை என்றேன். அந்தப் பதிலைக் கேட்டு அவர் தலையாட்டிய விதம் இப்போது கண்ணை மூடினால் வருகிறது.

நஸ்ரியா, மெஷின் காட்டாதது என்ன என்று கேட்டீர்கள். ஒஃப்செட்டை அது காட்டும், உரசும் இடத்தைக் காட்டும். உரசும் இடத்தைப் பார்த்தபின் பார்த்தவன் என்ன செய்கிறான் என்பதை அது காட்டாது. புதியவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மஞ்சளைப் பார்த்தால் துடைக்காதீர்கள். பக்கத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுங்கள். அவனை உங்களுக்குப் பிடிக்காவிட்டால் இன்னும் சத்தமாகக் கூப்பிடுங்கள்.

பளீலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தம்புள்ளை விலாசம் உங்களிடம் இருக்கும். நான் எழுதியதை அவன் சிரிக்காமல் வாசிப்பான் என்று நினைக்கிறேன். சிரித்தாலும் பரவாயில்லை.

இந்தத் தாள்களைத் தபாலில் போடப்போவதில்லை. நாளை நானே கொண்டுவருகிறேன். காலையில் வரமாட்டேன். கடை சாத்துகிற நேரத்துக்கு, நீங்கள் கதவை இழுக்குமுன் வருகிறேன்.